போச்சோர் வேறு, போச்சு வேறு

ஓய்வு பெற்ற பட்டறைக்காரர்களுக்கு என்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம், மூட்டு வலிக்கு முருங்கைக்கீரை, இவற்றுக்கு நடுவே எப்போதாவது வேலை சம்பந்தமாக ஒரு கேள்வி வந்து விழும். சென்ற வாரம் ஸ்கூடாயில் சொந்தப் பட்டறை வைத்திருக்கும் ரமேஷ் கேட்டிருந்தான். என்னோடு கொஞ்ச காலம் வேலை செய்தவன்தான். "அங்கிள்மார்களே, ஒரு யுனிவர்சிட்டி ஸ்டூடண்ட் காரு. கியர்பாக்ஸுக்குள்ள டிரைவ் ஷாஃப்ட் போற எடத்துல ஒயில் லீக். சீல மாத்தி மாத்திப் போட்டாச்சு, நிக்க மாட்டேங்குது. எந்த பிராண்டு சீல் நல்லது?"

பதில்கள் கொட்டின. ஒருவர் ஜப்பான் சரக்கு என்றார். ஒருவர் தைவானே போதும் என்றார். இன்னொருவர் சீலைச் சுற்றி சிலிகான் பசை தடவச் சொன்னார். எண்ணெயில் ஊற்றினால் ரப்பர் ஊதி ஒழுகல் நிற்கும் என்று ஒருவர் ஏதோ புட்டியின் படம் அனுப்பினார். கடைசியாக வந்த மேதாவி, "இனிமே எல்லாம் எலெக்ட்ரிக் காரு, அதுல டிஃபரன்ஷியலே கிடையாதுலா" என்று எழுதிக் கைதட்டும் பொம்மையும் போட்டிருந்தார். வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட அதிகம் ஓட வேண்டும். அதற்கு வழிவிடுகிற பல்சக்கரக் கூட்டுக்குத்தான் டிஃபரன்ஷியல் என்று பெயர். மின்சாரக் காரிலும் அது உண்டு, அதைத் தாங்கும் பேரிங் உண்டு, அங்கேயும் ஒரு சீல் உண்டு. வாழ்நாள் முழுக்க ஸ்பேனர் பிடித்தவருக்கு இது தெரியவில்லை.

ஷாஃப்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாயா என்று அத்தனை பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. எனக்கு வந்த எரிச்சலில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். பிறகு மனசு கேட்காமல் எடுத்து, "ஆட்டிப் பார். ஆடினால் உள்ளே பேரிங்கைப் பார்" என்று எழுதினேன். ரமேஷ் கட்டைவிரல் பொம்மை அனுப்பினான். மறுநாள் காலையில், "ஓகே அங்கிள், அப்ப ஜப்பான் சீலா தைவான் சீலா?" என்று கேட்டிருந்தான்.

இவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இது பரம்பரை வியாதி. அது எப்படி எங்களுக்குள் வந்தது என்பதை நான் கண்ணால் பார்த்தவன், அதனால் எழுதுகிறேன்.

நான் ஜொகூர் மாநிலத்தில் ரெங்கம் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். பள்ளிக்கூடம் முடித்ததும் ஊருக்கு வெளியே சாலையோரம் இருந்த பட்டறையில் சேர்ந்தேன். கற்றுக்கொண்ட வருடங்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. டயர் கழற்றினேன், கிரீஸ் பூசினேன், திட்டு வாங்கினேன், ஒருநாள் மெக்கானிக் ஆகிவிட்டேன். முதலாளி சீனர். அவருக்குக் குளுவாங்கில் பெரிய கடை இருந்ததால் இங்கே தலைகாட்டுவது அபூர்வம். ஆட்சி முழுவதும் தேவசகாயம் அண்ணன் கையில் இருந்தது. சம்பளச் சீட்டில் அவர் ஃபோர்மென். தோட்டத்தில் ஆள்களை மேய்க்கிறவரை மண்டோர் என்பார்கள், அந்தப் பழக்கத்தில் நாங்களும் அவரை மண்டோர் என்றே கூப்பிட்டோம். அது அவருக்குப் பிடித்தும் இருந்தது.

மண்டோர் வண்டி பார்க்கும் அழகைத் தனியாகச் சொல்ல வேண்டும். அவர் வண்டிக்கு அடியில் போக மாட்டார், வெள்ளைச் சட்டை. எங்களில் ஒருவனை உள்ளே அனுப்பி, ஒழுகும் இடத்தைத் துணியால் ஒற்றிக் கொண்டுவரச் சொல்வார். துணியை வெளிச்சத்தில் பிடிப்பார். மோதிர விரலால் தொட்டுக் கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்ப்பார். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கண்ணை மூடுவார். வண்டிக்காரர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார். அப்புறம் கண்ணைத் திறந்து, துக்கம் விசாரிக்க வந்தவர் குரலில், "சீல் போச்சு" என்பார். எண்ணெய் ஒழுகும் வண்டிக்கு அவர் வேறு எதுவும் சொல்லி நான் கேட்டதில்லை.

இந்தப் 'போச்சு' எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறேன். மலாய்க்காரர்கள் ஒழுகுவதைப் 'போச்சோர்' என்பார்கள். கூரை ஒழுகினாலும் போச்சோர், குழாய் ஒழுகினாலும் போச்சோர். எங்கள் ஊரில் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாருமே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, "சீல் போச்சோர்" என்றுதான் சொல்வார்கள். சீல் இருக்கும் இடத்தில் ஒழுகுகிறது என்பதற்கு மேல் அதில் அர்த்தம் கிடையாது. அதை முன்னால் நிற்கும் நம் ஆள் பின்னால் இருக்கிறவனுக்குக் கத்திச் சொல்வான். காற்றுப் பம்பின் இரைச்சலில் வால் அறுந்து, 'சீல் போச்சு' என்று போய்ச் சேரும். ஒழுகுகிறது என்று வந்த புகார், கெட்டுப்போனது என்ற தீர்ப்பாக மாறிவிடும். அப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது? ஒரு 'ர்' தொலைந்ததால் இந்த ஜொகூரில் எத்தனை நல்ல சீல்கள் குப்பைக்குப் போயினவோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

சீல் என்பது ஒரு ரப்பர் வளையம். உள் விளிம்பு உதடு மாதிரி மெல்லியதாக இருக்கும். அதற்குப் பின்னால் ஒரு சின்னச் சுருள்கம்பி, அந்த உதட்டை ஷாஃப்டோடு அணைத்துப் பிடித்திருக்கும். ஷாஃப்ட் ஒரே மையத்தில் சுற்றுகிறவரை எண்ணெய் வெளியே வராது. ஷாஃப்டை மையத்தில் பிடித்து வைப்பது பேரிங்கின் வேலை, சீலுக்கு அந்தத் தெம்பு இல்லை. பேரிங் தேய்ந்தால் ஷாஃப்ட் ஆடும். ஆடும்போது ஒரு பக்கம் உதட்டை நசுக்கும், எதிர்ப்பக்கம் விலகி இடைவெளி விடும். அந்த இடைவெளி வழியாகத்தான் எண்ணெய் வருகிறது. புதுச் சீல் போட்டால் கொஞ்ச நாள் நிற்கும், ஏனென்றால் புது ரப்பர் மெத்தென்று ஆட்டத்தோடு வளைந்து கொடுக்கும். இத்தனை மண்டோர்களும் பிழைப்பு நடத்துவது அந்தக் கொஞ்ச நாளில்தான். ரப்பர் இறுகியதும் மறுபடி ஒழுகும். ஒழுகினால் உள்ளே எண்ணெய் குறையும், எண்ணெய் குறைந்தால் பேரிங் இன்னும் தேயும், இன்னும் ஆடும். கீல் தளர்ந்து தொங்குகிற கதவுக்கு அடியில் மழைத்தண்ணீர் வருகிறது என்று ரப்பர் பட்டையை மாற்றி மாற்றி ஒட்டுகிறவனை வீட்டில் மடையன் என்பார்கள். பட்டறையில் அவனுக்குச் சம்பள உயர்வு கொடுத்தார்கள்.

ஞானம்மா அக்காவின் வேன் வந்தது அந்தக் காலத்தில்தான். அக்கா காஹாங் பக்கத்துக்காரர், கல்யாணமாகி ரெங்கம் வந்தவர். தோட்டத்துப் பிள்ளைகளை ஏற்றி டவுன் தமிழ்ப் பள்ளியில் விடுவது அவர் தொழில். எண்ணெய்ப்பனைக்கு நடுவே செம்மண் சாலையில் அவர் போகும் வேகத்தைப் பார்த்தால் பின்னால் வரும் பழலாரிக்காரனுக்கு அழுகை வரும். அத்தனை நிதானம். பிள்ளைகளைக் கொண்டுபோகிறவருக்கு அந்த நிதானம்தான் முதல். அந்த நிதானத்தை நம்பித்தான் தோட்டத்தில் பெற்றவர்கள் அவரிடம் பிள்ளைகளை ஏற்றிவிட்டார்கள்.

அந்த வேனுக்கு டிஃபரன்ஷியல் பின்னால், இரண்டு சக்கரத்துக்கும் நடுவில். முன்னாலிருந்து வரும் நீளமான ஷாஃப்ட் அதற்குள் நுழைகிற வாயில் எண்ணெய் ஒழுகியது. முதல் முறை மண்டோர் விரலைத் தேய்த்து, மூக்கில் வைத்து, சீல் போச்சு என்றார். முதல் முறை நிஜமாகவே சீல் பழசாகியிருக்கலாம், நான் மறுக்கவில்லை. மாற்றினோம். பள்ளி விடுமுறை முடிந்து திறந்ததும் ஒழுகியது. மறுபடி மாற்றினோம், மறுபடி ஒழுகியது.

பள்ளிக்கூட வாசலில் அப்போதுதான் பெற்றோர் சேர்ந்து புதுக் கல் பாவியிருந்தார்கள். அதில் எண்ணெய் கறுப்பு கறுப்பாய் விழுந்தது. தலைமையாசிரியர் மீ நூடுல்ஸ் பாக்கெட் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, "வண்டிய நிறுத்துனதும் இத அடியில போடுங்கம்மா" என்று அக்கா கையில் கொடுத்துவிட்டார். பிள்ளைகள் பார்க்க, அவர் தினமும் குனிந்து அந்த அட்டையை வேனுக்கு அடியில் தள்ளினார்.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. பெற்றோர் சிலர் பள்ளிக் கேன்டீனில் மண்டோரைப் பார்த்து, ஏன் அந்த வண்டி சரியாகவில்லை என்று கேட்டிருக்கிறார்கள். தனக்குத் தெரியவில்லை என்று சொல்ல அவர் நாக்கு வளையுமா? "வண்டியில ஒண்ணும் இல்லலா. அவங்க ஓட்டுற ஓட்டு அப்படி. கிளட்ச்ச படார்னு விடுறாங்க, பள்ளத்துல தூக்கிப் போடுறாங்க. எந்த சீல்தான் தாங்கும்?" என்று சொல்லிவிட்டார். மெக்கானிக் வாயிலிருந்து வந்த சொல், கேட்டவர்கள் நம்பிவிட்டார்கள். தோட்ட ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி அந்தோணி தன் இரண்டு பெண்களையும் வேறு வேனுக்கு மாற்றினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள்.

அடுத்த முறை அக்கா பட்டறைக்கு வந்தபோது முகம் சரியில்லை. மண்டோர் பக்கத்துக் கடையில் தே தாரிக் குடிக்கப் போயிருந்தார்.

"தம்பி குணா, நான் முரடா ஓட்டுறேனா?" என்று கேட்டார்.

"யாருக்கா சொன்னது?"

"ஊரே சொல்லுது. ஒங்க மண்டோர் சொன்னாராம். அந்தோணி அண்ணன் பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போயிட்டாரு. இப்படியே போனா மாசக் கடைசிக்குள்ள வேன்ல நான் மட்டும்தான் ஒக்காந்திருப்பேன்."

நான் ஒழுகலை விட்டுவிட்டு வேறொன்று கேட்டேன். "வண்டி சத்தம் போடுதாக்கா?"

"அதையேன் கேக்குற? ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால எடுத்தா ஊஊன்னு ஊளையிடுது. மிதிச்சா நின்னுடுது. எறக்கத்துல வந்தா பிள்ளைங்கல்லாம் கூடச் சேந்து ஊளையிடுதுங்க. மண்டோர்கிட்ட அப்பவே சொன்னேன், ரேடியோ போட்டுக்கிங்கன்னு சொல்லிட்டாரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மிதித்தால் ஒரு சத்தம், காலை எடுத்தால் ஒரு சத்தம் என்றால் உள்ளே ஏதோ இடம் மாறுகிறது. பிள்ளைகளுக்குக் கேட்டது மண்டோருக்குக் கேட்கவில்லை.

வேனைத் தூக்கி நிறுத்தினேன். டிஃபரன்ஷியல் மேல் இருக்கும் சின்ன மூச்சுக்குழாயை முதலில் பார்த்தேன். அது சேற்றில் அடைத்தால் உள்ளே சூட்டுக்காற்று அழுத்தி எண்ணெயைத் தள்ளும், அதையும் பார்க்காமல் சீலை மாற்றுகிறவர்கள் உண்டு. அடைப்பில்லை. நீள ஷாஃப்டைக் கழற்றி ஓரமாக வைத்தேன். டிஃபரன்ஷியல் வாயில் நீட்டிக்கொண்டிருக்கும் தட்டை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும் ஆட்டினேன். ஆடக் கூடாது. ஆடியது, 'கடக்' என்று சத்தத்தோடு. மேலே தூக்கியபோது கீழ் ஓரத்தில் ஒரு சொட்டு பிறந்தது. விட்டால் நின்றது. தூக்கினால் மறுபடி வந்தது.

"அக்கா, குனிஞ்சு பாருங்க. நீங்களே ஆட்டுங்க."

சேலையைச் செருகிக்கொண்டு அக்கா கையை நீட்டி ஆட்டினார். சொட்டு விழுந்தது. இன்னொரு முறை ஆட்டினார். கையில் பட்ட எண்ணெயைத் துடைக்காமல் அதையே பார்த்தார்.

அப்போது மண்டோர் வந்தார். "என்னலா இது, நான் பாக்காம யாரு கழட்டச் சொன்னது? சீல் போச்சு, சீலப் போட்டு அனுப்பு."

அக்கா நிமிர்ந்தார். "அண்ணே, நான் மொத நாளே என்ன சொன்னேன்? சீல்ல போச்சோர்னு சொன்னேன். ஒழுகுதுன்னு சொன்னேன். சீல் போச்சுன்னு நான் சொல்லவே இல்ல. அத நீங்களா சொன்னீங்க."

மண்டோர் சிரித்தார். "ரெண்டும் ஒண்ணுதான்லா."

"ஒண்ணு இல்லண்ணே. எங்க வீட்டுக் கூரை போச்சோர்னா வீடு போச்சா?"

பட்டறையில் யாரோ சிரித்துவிட்டார்கள். மண்டோருக்கு முகம் சிவந்தது. அக்கா கவிழ்த்து வைத்திருந்த எண்ணெய் டின் மேல் உட்கார்ந்து, குடையை மடியில் வைத்துக்கொண்டு, "தொறந்து காட்டுங்க. தொறக்காம வண்டிய எடுக்க மாட்டேன்" என்றார். மண்டோர் என்னைப் பார்த்து, "தொற. தொறந்து காட்டிட்டா அக்கா வாயத் தொறக்க மாட்டாங்க" என்றார்.

திறந்தேன். பேரிங்கின் உருளைகள் ஓடும் பாதையெல்லாம் குழி குழியாய் அரித்திருந்தது. அது தேய்மானம். அதற்குமேல் ஓரத்தில் நீலம் பாய்ந்திருந்தது, அது சூடு. சூடு எப்படி வந்தது? ஒவ்வொரு முறை சீல் மாற்றும்போதும் வாயிலுள்ள பெரிய நட்டைக் கழற்றி மாட்ட வேண்டும். அதை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. உள்ளே நசுங்கிக் கொடுக்கிற ஒரு சின்னக் குழாய் உண்டு. அது அளவுக்கு மேல் நசுங்கினால் பேரிங் நெரிபட்டு வேகும். நட்டு மாட்டுகிற வேலையை மட்டும் மண்டோர் வேறு யாருக்கும் விட மாட்டார். காற்றுத் துப்பாக்கியை வைத்து 'கிர்ர்ர்' என்று மனம் குளிர இறுக்குவார். அந்தச் சத்தம் வாடிக்கையாளருக்கு நம்பிக்கை கொடுக்கும் என்பது அவர் தத்துவம். ஆக, அவர் மாட்டிய ஒவ்வொரு புதுச் சீலும் பேரிங்கை இன்னும் கொஞ்சம் கொன்றிருக்கிறது. இது இறுகி நின்றிருந்தால் பின்சக்கரம் இரண்டும் ஓட்டத்தில் பூட்டிக்கொண்டிருக்கும், உள்ளே பிள்ளைகளோடு.

மண்டோர் பேரிங்கை வாங்கினார். மோதிர விரலால் தொட்டார். மூக்கில் வைத்தார். கண்ணை மூடித் திறந்தார்.

"பேரிங் போச்சு," என்றார். "நான் அப்பவே நெனச்சேன்."

எனக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. புதுப் பேரிங் வந்ததும் நான் உட்கார்ந்து மாட்டினேன். தட்டில் நூல்கயிறு சுற்றி, மீன் விற்கிறவர்கள் வைத்திருக்கும் தொங்குதராசை அதில் மாட்டி இழுத்து, சுற்றுவதற்கு எவ்வளவு பலம் வேண்டியிருக்கிறது என்று பார்த்துப் பார்த்து நட்டைக் கையால் இறுக்க வேண்டும். அதுதான் முறை. மண்டோர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "என்னலா, மீனா நிறுக்குற? கெம்போங்கா, கெலியா?" என்று கிண்டலடித்துக்கொண்டே இருந்தார். புதுச் சீலையும் போட்டு மூடினேன். ஊளை நின்றது. ஒழுகலும் நின்றது.

வண்டியை எடுக்கும்போது அக்கா மண்டோரிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "அண்ணே, பெத்தவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நான் ஓட்டுனதுல தப்பில்லன்னு."

"அதெல்லாம் எதுக்குலா? வண்டிதான் சரியாயிடுச்சே" என்று சொல்லிவிட்டு மண்டோர் உள்ளே போய்விட்டார். மனுஷன் அவ்வளவுதான்.

வேன் சரியானது, பெயர் சரியாகவில்லை. பிள்ளைகளை மாற்றியவர்கள் திரும்பவில்லை. தலைமையாசிரியரும் அட்டையை நிறுத்தச் சொல்லவில்லை. "எதுக்கும் போட்டு வைங்கம்மா" என்றார். சுத்தமான அட்டையை அக்கா தினமும் விரித்தார், தினமும் சுத்தமாகவே எடுத்தார். அதைக் குனிந்து பார்க்க யாருக்கும் நேரமில்லை. நானும் அந்தோணியிடம் சொல்லிப் பார்த்தேன். "நீ சின்ன ஆளுலா, மண்டோர் சொல்லட்டும்" என்றார்.

அந்த மாதமே மாதா கோயில் திருவிழா வந்தது. எங்கள் ஊரில் சாமி எதுவானாலும் சாப்பாட்டுக்கு எல்லாரும் போவோம், நானும் போனேன். கோயில் முற்றத்தில் மண்டோர் தன் பழைய பிக்கப்பை நடுவில் நிறுத்தியிருந்தார். அவர் தானே பார்த்துப் பார்த்து வேலை செய்யும் வண்டி. வேறு யாரையும் தொடவிட மாட்டார். பூசைக்கு மணி அடித்தபோது ஞானம்மா அக்கா தன் வேனிலிருந்து அந்த மீப்பெட்டி அட்டையை எடுத்து வருவதைப் பார்த்தேன். பிக்கப்பின் பின்பக்கம் குனிந்தார், அட்டையைத் தள்ளினார், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கோயிலுக்குள் போய்விட்டார்.

பூசை முடிந்து எல்லாரும் முற்றத்தில் பிரியாணித் தட்டோடு நின்றார்கள். மண்டோர் அந்தோணியிடம் ஏதோ வண்டி விஷயம் விளக்கிக்கொண்டிருந்தார், மோதிர விரலை ஆட்டி ஆட்டி. அக்கா போய் அட்டையை உருவினார். நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு ஊறியிருந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மரியாதையாக, எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார்.

"அண்ணே, ஒங்க வண்டி போச்சோர். யாருண்ணே இத ஓட்டுறது? கிளட்ச்ச படார்னு விடுறாங்களோ?"

மண்டோர் வாயில் வைத்த கறித்துண்டை மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை. முதலில் சிரித்தது அந்தோணிதான். பிறகு முற்றம் முழுக்கச் சிரித்தது. என் ஆயுளில் நான் அவ்வளவு சந்தோஷமாகச் சாப்பிட்ட பிரியாணி கிடையாது.

திங்கட்கிழமை காலை அந்தோணியின் இரண்டு பெண்களும் செம்மண் சாலை முனையில் பையோடு நின்றார்கள், அக்காவின் வேனுக்காக. பள்ளி வாசலில் வண்டி நின்றதும் தலைமையாசிரியர் குனிந்து பார்த்து, "எங்கம்மா அட்டை?" என்று கேட்டாராம்.

"மண்டோர்கிட்ட கொடுத்துட்டேன் சார்," என்றாராம் அக்கா. "அவருக்குத்தான் தேவைப்படுது."